ஐயத்துக்குரிய மருந்து

செபமாலையின் கால் பெருவிரல் வீங்கியிருந்தது.
நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை சுமக்கும் நாட்டாமை.
மூன்று நாளாய்ச் செருப்புக்குள் கால் போகவில்லையாம்,
செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தார்.
யூரிக் அமிலம் கூட.
துண்டில் எழுதிக் கையொப்பம் வைத்தேன்.
எந்த ஃபாமஸியிலும் கிடைக்கும் வெள்ளைக் குளிசை.
"ஒரு மாசம் போடுங்கோ, பிறகு வாங்கோ" என்றேன்.
அன்றைய கிளினிக்கில்
நூற்றிப் பதினேழாவது ஆள் அவர்.

இருபதாம் நாளே வந்துவிட்டார்,
கிளினிக்குக்கு அல்ல, வாட்டுக்கு.
உதடு வெந்து, இமைகள் ஒட்டி.
இரத்த அமுக்கம் பார்த்த பட்டியை மிஸ்ஸி கழற்ற
தோலும் கூடவே வந்தது
நனைந்த கடதாசி மாதிரி.
மனைவி பிலோமினா கைப்பையைத் திறந்து
மிச்சக் குளிசைகளை மேசையில் எண்ணி வைத்தாள்.
"பத்துத்தான் டொக்டர் இருக்கு. ஒரு நாளும் விடயில்லை.
நீங்கள் சொன்ன மாதிரியே போட்டவர்."
குற்றம் சாட்டவில்லை அவள்.
அதுதான்.

படிவம் லாச்சிக்குள் இருக்கிறது.
ஒரே தாள், இரண்டு பக்கம்,
பத்து நிமிடம் போதும்.
பெயரின் முதலெழுத்து. வயது. நிறை.
ஐயத்துக்குரிய மருந்து.
தொகுதி இலக்கம்:
ஃபாமஸிக்காரன் எண்ணிப் போட்டுக் கொடுத்த
பழுப்பு உறையில் அது இல்லை.
பெரிய டப்பாவில் இருந்திருக்கும்,
டப்பா இந்நேரம் எந்தக் குப்பைமேட்டிலோ.
நல்லது, ஒரு காரணம் கிடைத்தது.

மற்றவை மழை விட்ட பின்னேரத்து நுளம்புபோல
தாமாகவே வந்தன.
இந்தக் குளிசை இப்படிச் செய்யும் என்று
புத்தகத்தில் இருக்கிறதே, நான் வேறு சொல்லவேண்டுமா?
அதுதான் செய்தது என்று எப்படித் தெரியும்?
பல்வலிக்கு ஏதோ வாங்கிப் போட்டாராம்,
மருதானையில் யாரோ கசாயம் கொடுத்தார்களாம்.
(சந்தேகம் போதும், நிச்சயம் தேவையில்லை என்று
படிவத்தின் தலையிலேயே இருக்கிறது.
மூன்று மொழியிலும் வாசித்துவிட்டேன்.)
பெரிய டொக்டர் அபேநாயக்க ரவுண்டில் நின்று
"நல்ல கேஸ், படம் எடுத்துவையுங்கள்,
சஞ்சிகைக்கு எழுதலாம்" என்றார்.
எடுத்தோம்.
கண் திறக்க ஏலாத செபமாலை
சத்தம் வந்த பக்கம் திரும்பிச்
சிரிக்கப் பார்த்தார்.

கடைசிக் கட்டம்:
அறிவிப்பவரின் பெயர், பதவி, கையொப்பம்.
பேனை அங்கேதான் நின்றது.
துண்டில் கிடக்கும் அதே கிறுக்கல்
இங்கும் விழவேண்டும்.
ஒருவரும் வழக்குப் போடமாட்டார்கள்,
எனக்குத் தெரியும்.
கைக்குத் தெரியவில்லை.

அவர் பிழைத்தார்.
இடது கண் பிழைக்கவில்லை.
ஒற்றைக் கண்ணோடு மூட்டை சுமக்க
முதலாளி விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மார்கழியில் பொரளையில் ஒரு கூட்டம்.
குளிர் அறை, நெஸ்கஃபே, மாலுப்பணிஸ்.
எந்த ஆஸ்பத்திரி எத்தனை அறிவித்தது என்று
திரையில் நீலத் தூண்கள் எழுந்தன.
எங்கள் பெயருக்கு மேலே தூண் இல்லை,
வெறும் பூச்சியம்.
பக்கத்துக் கதிரை டொக்டர் ரிஸ்னி குனிந்து
"உங்கட ஆக்கள் கவனமாத்தான்
மருந்து எழுதுறாங்க போல" என்றார்.
பகிடியா, பாராட்டா, விளங்கவில்லை.
பணிஸைக் கடித்தேன். உள்ளே ஒரு முள்.
துப்ப இடமில்லை.

அடுத்த நாள் கிளினிக் தொடங்குமுன்
லாச்சியை இழுத்தேன்.
யாரோ படிவத்தின் மேல் பிளேன்டீ வைத்திருக்கிறார்கள்,
வயது என்ற சொல்லைச் சுற்றி மண்ணிற வட்டம்.
எழுதினேன். வயது ஐம்பத்தொன்று.
மருந்தின் பெயர்.
தொகுதி இலக்கம்: தெரியாது.
அந்தக் கட்டத்துக்குள்
அந்தச் சொல் அளவாகவே இருந்தது.
பெயர் எழுதினேன். பதவி எழுதினேன்.

கதவு திறந்தது.
முதலாவது ஆள் நொண்டி நொண்டி உள்ளே வந்தார்,
வலது செருப்பைக் கையில் பிடித்தபடி.